துளசியில் மணத்த பிச்சிப்பூ

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டுவதுதான் வேலை. சுற்றிலும் பிளாஸ்டிக் தாள், மேலே வானம்: அப்படிப்பட்ட கூண்டுகள். சிலவற்றில் வெளிக்காற்று, மற்றவற்றில் பத்து லட்சத்துக்கு 550 பங்கு வாயு. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது இந்த அளவு 315 வாக்கில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாங்கள் வருங்காலத்தின் காற்றைச் சிலிண்டரில் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதைக் கூண்டுக்குள் நிறுத்துவது பெரும்பாடு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று எப்படி வரும் என்று முப்பந்தலில் காற்றாலை நட்டவர்களுக்குத் தெரியும். எங்கள் திட்டத்தை எழுதியவருக்குத் தெரியவில்லை. 550 என்று வைத்தால் மானி 430க்கும் 600க்கும் இடையே ஊஞ்சலாடும். சிலிண்டர் காசு வள்ளியூர்ப் பக்கம் பறந்துகொண்டிருந்தது.

முதலில் தொட்டிகளில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, வைத்தோம். இலை செழித்தது; கிழங்கு சொல்லும்படி இல்லை. களையெடுக்க வரும் அக்கா சிரித்தார். “மக்களே, கிழங்கைத் தொட்டியில் அடைத்துவைத்தால் அது எங்கே போய்ப் பருக்கும்?” பிறகுதான் தேடிப் படித்தேன். 2009இல் ஆஸ்திரேலியர்கள் தொட்டியில் வளர்த்த மரச்சீனியில் வாயு கூடக்கூடக் கிழங்கு குறைந்திருந்தது. 2012இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் திறந்த வயலில் வளர்த்தபோதோ கிழங்கு ஏறக்குறைய இருமடங்கானது. வேர் நெருக்கப்பட்டால் இலை செய்யும் சர்க்கரைக்குப் போக்கிடம் இல்லை. தேங்கினால் இலையே வேலையைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு ஆய்வுகளும் முரண்பட அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அக்கா எதையும் படித்ததில்லை.

அடுத்தது துளசியின் வாசனை. கரியமில வாயு நிறையக் கிடைத்தால் மணமும் கூடும் என்றுதான் நானும் நினைத்தேன். செடியின் கணக்கு வேறு. பல மரங்கள் காற்றில் விடும் ஐசோப்ரீன் என்னும் ஆவி, கரியமில வாயு கூடும்போது குறைகிறது. வெயில் ஏறினால் அதுவே கூடுகிறது. குலசேகரத்து ரப்பர் இலை, வெளிச்சம் படும்போது டெர்பீன்கள் என்னும் மணப்பொருள்களைச் செய்து அப்போதைக்கப்போது வெளியே விட்டுவிடும். துளசி அப்படியல்ல. இலைமேல் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் சேமித்து வைக்கும். சற்று அழுந்தத் தொட்டாலே பை உடைந்து அளவு எகிறிவிடும். இலை கசங்கினால் வரும் பச்சை வாடையும் சேர்ந்துகொள்ளும். எனவே பிள்ளைத்தாய்ச்சியைத் தொடுவதுபோலக் கிளையை உறையால் மூடி, கரித்தூளில் வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தி, வெளிவரும் காற்றை ஒரு சிறு குழாயில் பிடித்து, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

மூன்றாம் வார முடிவுகளில் பென்சைல் அசிடேட் வந்தது. துளசியில் எதிர்பார்க்காத பொருள். ஒரு பகல் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிய காற்றில் துளசி புதிதாக ஒன்றைச் செய்கிறது என்று கட்டுரைத் தலைப்புவரை யோசித்துவிட்டேன். மாலையில்தான் வெளிக்காற்றுக் கூண்டின் முடிவுத் தாளைப் புரட்டினேன். அதிலும் இருந்தது. பென்சைல் அசிடேட் மல்லிகைக் குடும்பத்து மணம். விடியற்காலையில் தோவாளைச் சந்தையில் ஒரு முழம் பிச்சி வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு, உறை மாட்டுவதற்காகக் கிளைமேல் குனிந்தவள் நான்தான். அக்கா தலையிலும் அதே பூ.

மூன்று வாரக் குழாய்களும் வீண். துளசி உயரமாக வளர்ந்தது, இலை அகன்றது. ஒரு கிராம் இலைக்கு மணம் கூடியதா என்பதற்கு மட்டும் எங்களிடம் கடைசிவரை நம்பத்தக்க எண் சேரவில்லை.

மறுநாளே பூவுக்குத் தடை போட்டேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பண்ணையின் கிழக்கு வேலியில் ஓர் ஆணி அடித்தார். கணவாய்க் காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். மணம் கூண்டுக்குத் திரும்பாது. காலையில் பூவைக் கழற்றி அதில் மாட்டுவார். நானும் மாட்டினேன். மாலைக்குள் அது வாடிக் கருகியிருக்கும். அதையே எடுத்துச் சூடிக்கொண்டுதான் அக்கா பஸ் ஏறுவார்.