குளியலறைக்கு ஒரு எம்.டி.எஃப் அலமாரி: பலகைக் கடையில் தொடங்கிய பாடு

தரையில் தனியாக நிற்கும் அலமாரிதான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். சுவரில் மாட்ட வேண்டுமானால் டைல்ஸைத் துளைக்க வேண்டும், உள்ளே தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அகலம் 600 மி.மீ., உயரம் 850, ஆழம் 350. இரண்டு கதவு, நடுவில் ஒரு தட்டு. அளவெடுப்பதும் வரைவதும் ஒரு மாலையில் முடிந்தன. பலகை வாங்கியதும் பெயின்ட் அடித்ததும்தான் ஆளை ஒரு வழி செய்துவிட்டன. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எம்.டி.எஃப் என்பது மர நாரைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யும் பலகை. அதில் ஈரம் தாங்கும் வகைதான் வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லி, பில்லிலும் எழுத வைத்துத்தான் வாங்கினேன். உடலுக்கும் கதவுக்கும் 18 மி.மீ., முதுகுக்கு 6 மி.மீ. எட்டுக்கு நாலடிப் பலகையை வீட்டில் வைத்து வெட்ட இடமில்லை என்பதால் கடையிலேயே வெட்டித் தரச் சொன்னேன். துண்டுகள் வந்து சேர்ந்தன. பிரித்து அடுக்கும்போது வெட்டிய ஓரங்களைப் பார்த்தால் பக்கப் பலகைகளும் கதவுகளும் ஈரம் தாங்கும் வகைக்கு அடையாளமான பச்சை, அடிப்பலகை மட்டும் சாதா வகையின் வெறும் பழுப்பு! அலமாரியில் வேறு எந்தத் துண்டை மாற்றிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. தரை ஈரம் முதலில் தொடுவது அடிப்பலகையைத்தானே.

கடைக்குப் போய்க் கேட்டால் அங்கிருந்த பையன் அசரவே இல்லை. "ரெண்டும் ஒரே பலகைதான் சார், பச்சை வெறும் சாயம்" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் சிக்கல். பச்சை நிறம் அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயம்தான், அது தண்ணீரைத் தடுக்காது. ஆனால் அந்தப் பலகையில் மர நாரைப் பிணைக்கும் பிசின் வேறு, ஈரத்தைத் தாங்குவது அந்தப் பிசின்தான். நிறத்தை மட்டும் வைத்து வாதாடினால் எடுபடாது என்று புரிந்ததும் வீட்டுக்கு வந்து இரண்டு வகையிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து, ஒரு பக்கெட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, ராத்திரி முழுக்க நிற்க வைத்தேன்.

காலையில் பழுப்புத் துண்டின் அடி ஓரம் நனைந்த நோட்டுப் புத்தகம் போல விரிந்து கிடந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்கியது. பச்சைத் துண்டில் ஓரம் லேசாகச் சொரசொரத்ததோடு சரி, தடிமனில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. இரண்டையும் ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு போய் இந்த முறை முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் தொட்டுப் பார்த்தார், பேச்சே இல்லை, வேறு பலகை எடுக்கச் சொல்லிவிட்டார். அதற்காகப் பச்சைப் பலகை தண்ணீரிலேயே கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரக் காற்றையும் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

அதே நடையில் இன்னொரு வழக்கையும் முடித்துக்கொண்டேன். பக்கப் பலகை ஒன்று 350, மற்றது 347. ரம்ப பிளேடு தன் தடிமன் அளவுக்குப் பலகையைத் தின்னும், சுமார் 3 மி.மீ. போகும். எல்லாக் கோடுகளையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு வெட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த துண்டு ஒவ்வொன்றும் அந்த அளவுக்குக் குறையும். இந்த முறை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றை வெட்டி, அதன் பிறகு அளந்து, அடுத்த கோடு. வெட்டுகிறவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும், துண்டுகள் சரியாக வந்தன.

பூட்டும் வேலை வம்பில்லாமல் போனது. மரப்பசை, ஸ்க்ரூ, மூலைமட்டம், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: எம்.டி.எஃப்பின் ஓரத்தில் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை இரண்டாகப் பிளக்கும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை போட்டேன், மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளித்தான் முதல் ஸ்க்ரூ. அடியில் உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்கள், 100 மி.மீ. குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாக இருக்கும் என்பதால், ரசமட்டம் வைத்து ஒவ்வொரு காலையும் திருகிச் சரிசெய்ய முடிந்தது பெரிய நிம்மதி.

அப்புறம் பெயின்ட். இந்தப் பலகையின் மேல்முகம் இறுக்கமாக வழவழவென்று இருக்கும், வெட்டிய ஓரம் தளர்வான நார். முகத்தில் மேலே நிற்கும் பெயின்ட்டை ஓரம் உறிஞ்சிக் குடித்துவிடும். பெயின்ட் கடைக்காரரோ பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர், அதிலும் தண்ணீரில் கரையும் வகை, ஒரு கோட் போதும் என்று அடித்துச் சொன்னார். துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் ஓரத்தில் நார் சிலிர்த்து நின்றது, கையை வைத்தால் குத்தியது. அதனால் என் வழியில் போனேன். மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஓரங்களில் தேய்த்து, காயவிட்டு, 180 நம்பர் உப்புத்தாள். மறுபடி ஒரு முறை அதே பசை, இப்போது 240. அதற்கு மேல் ஷெல்லாக், அதாவது அரக்கில் செய்த பிரைமர். கூர்மையான விளிம்புகளையும் உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிட வேண்டும், கூர்முனையில் பெயின்ட் தங்காது. இத்தனைக்கும் பிறகு ஓரமும் முகமும் ஒரே பலகையாகத் தெரிந்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். மாவு போன்ற தூசி அது, பிசினும் கலந்தது. வாசலில் வைத்துத்தான் தேய்த்தேன்.

மேல் கோட்டுக்கு வெள்ளை எண்ணெய் எனாமல்தான் குளியலறைக்கு நல்லது என்று அதே கடையில் வற்புறுத்தினார்கள். எனாமல் உறுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சம் படாத இடத்தில் வெள்ளை எனாமல் நாளடைவில் மஞ்சளிக்கும். மூடிய அலமாரியின் உட்புறத்துக்கு எங்கிருந்து வெளிச்சம் வரும்? தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமலையே கேட்டு வாங்கினேன். நாலங்குல ஃபோம் ரோலரில் மெல்லிய கோட்டுகள், இடையிடையே 320 நம்பரில் ஒரு தடவல். கீலுக்கான 35 மி.மீ. குழிக்குள்ளும் சின்னத் தூரிகையால் பிரைமர், பெயின்ட் இரண்டும் அடித்தேன். ஏறக்குறைய 12 மி.மீ. ஆழத்துக்குத் தோண்டிய, பெயின்ட் படாத நார் அது, கீல் மூடிவிடும் என்று விட்டால் ஈரம் அங்கே நுழையும். முதுகுப் பலகையின் பின்பக்கமும் அப்படித்தான். ஒரு முகத்துக்குப் பெயின்ட் அடித்து மறுமுகத்தை விட்டுவிட்டால் இரு பக்கமும் ஈரத்தை வேறு வேறு அளவில் இழுத்துப் பலகை வளையும்.

கடைசிப் பாடு காய்வதில். தொட்டால் ஒட்டாத பதம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், டின்னிலும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உள்வரை இறுகுவதற்குப் பல நாள் ஆகும், மழைக்காலமாக இருந்தால் இன்னும் இழுக்கும். டின்னை நம்பிக் கதவுகளை மாட்டி மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, விளிம்பில் ஒரு பொட்டு பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அதைத் தேய்த்துத் திரும்ப அடித்து, கதவுகளைக் கழற்றி நிழலில் காற்றோட்டமாகச் சாய்த்து வைத்தேன். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நாள் வரை மாட்டவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தது இங்கே கைகொடுத்தது. பெயின்ட்டின் தடிமனும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பெயின்ட்டை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி வைத்திருக்கிறேன். பக்கெட் இடித்து எங்காவது சில்லு பெயர்ந்தால் அன்றே துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் ஒரு சொட்டு வைத்துவிட வேண்டும். திறந்த நார் ஒரு முறை உப்பிவிட்டால் அப்புறம் எந்தப் பட்டி பார்த்தாலும் பழையபடி படியாது.