கிளாஸ்கோ வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கிய கதை

கிளாஸ்கோவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேலைக்காக லண்டன் வந்தேன். 900 பவுண்டு அட்வான்ஸ் மட்டும் வரவில்லை. ஓனர் முதலில் அடுத்த வாரம் என்றார், அப்புறம் பெயின்ட் செலவு என்றார், அதன்பிறகு பதிலே இல்லை.

குரோய்டனில் ஓர் அண்ணன் இதே மாதிரி விவகாரத்தில் கவுன்டி கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர். "அவசரமே இல்லடா, ஆறு வருஷம் டைம் இருக்கு. ஃபீஸைக் கட்டி கேஸ் போடு" என்றார். வீடு இங்கிலாந்தில் இருந்திருந்தால் அவர் சொன்னது சரி. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே நீதிமன்ற அமைப்பு. ஸ்காட்லாந்தோ 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோதே தன் சட்டத்தையும் கோர்ட்டுகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே கவுன்டி கோர்ட்டே கிடையாது, ஷெரிஃப் கோர்ட்தான். தனியார் வாடகைத் தகராறுகளை 2017 டிசம்பரில் அதனிடமிருந்தும் எடுத்து, முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் வீட்டுவசதிப் பிரிவிடம் கொடுத்துவிட்டார்கள். நான் லண்டனில் இருந்தாலும் வீடு எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான்.

சிக்கல் கெடுவில் இருந்தது. ஸ்காட்லாந்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, வாடகை தொடங்கிய 30 வேலை நாட்களுக்குள் அட்வான்ஸை அங்கீகாரம் பெற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் ஓனர் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அட்வான்ஸைப் போல மூன்று மடங்கு வரை நமக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். ஆனால் வாடகை முடிந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தாண்டினால் போச்சு. இணையத்தில் 'பிரிட்டன்' என்று தலைப்புப் போட்டு வரும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் இங்கிலாந்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று திட்டங்களுக்கும் மெயில் போட்டேன். என் பெயரில் பணம் எதுவும் இல்லை என்று மூன்றிலிருந்தும் பதில் வந்தது. அதுவே முக்கியச் சாட்சி. அபராதத்துக்கு ஒரு விண்ணப்பம், அட்வான்ஸைத் திருப்பித் தர இன்னொன்று. இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவைப்படவில்லை. ஓனரிடம் ஆவணங்களைச் சேர்க்கும் வேலையைத் தீர்ப்பாயமே ஷெரிஃப் அதிகாரிகள் மூலம் பார்த்துக்கொண்டது.

விசாரணை போனில்தான். சட்டம் படித்த ஓர் உறுப்பினர், வீட்டு விவகாரம் தெரிந்த இன்னோர் உறுப்பினர். கவுன், விக் எதுவும் நம் கண்ணில் படாததால் பதற்றம் பாதி குறைந்தது. விதி தனக்குத் தெரியாது என்றும் பணம் தன் வங்கிக் கணக்கில் பத்திரமாகத்தான் இருந்தது என்றும் ஓனர் சொன்னார். "நீங்கள் திவாலாகியிருந்தால் அந்தப் பணம் என்ன ஆகியிருக்கும்?" என்று சட்ட உறுப்பினர் நிதானமாகக் கேட்டார். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. பெயின்ட் செலவுக்கு ரசீது இருக்கிறதா என்று மற்றவர் கேட்டார், அதுவும் இல்லை.

அட்வான்ஸ் முழுவதும் திரும்பக் கிடைத்தது, அதற்கு மேல் ஒரு மடங்கு அபராதம். மூன்று மடங்கு கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். ஓனர் தவறை ஒப்புக்கொண்டாரா, எத்தனை வீடு வைத்து வாடகைக்கு விடுகிறார், பணம் எவ்வளவு காலம் பாதுகாப்பில்லாமல் கிடந்தது என்றெல்லாம் எடைபோடுகிறார்கள். இங்கிலாந்தில் குறைந்தது ஒரு மடங்கு உறுதி, ஸ்காட்லாந்தில் அப்படிக் கீழ்வரம்பு இல்லை.

தீர்ப்பில் சட்டப் பிழை இருப்பதாக நினைத்தால் மேல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போக ஓனருக்கு 30 நாள் இருந்தது. போகவில்லை, பணத்தைப் போட்டுவிட்டார். தீர்ப்புகள் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் பெயரோடு வெளியாகின்றன. ஸ்காட்லாந்தில் புது வீடு பார்ப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஓனர் பெயரை ஒருமுறை அதில் தேடிப் பாருங்கள்.