சால்க்ரோவ் வேலியோரம் ஒரு மீட்டியர்

ஆக்ஸ்போர்டிலிருந்து வாட்லிங்டன் போகும் சாலையில் சால்க்ரோவ் என்றொரு கிராமம். சாலைக்கு இந்தப்பக்கம் வீடுகள், அந்தப்பக்கம் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானதளம். உலகில் இன்னும் பறந்துகொண்டிருக்கும் மிகப் பழைய ஜெட் விமானங்களில் இரண்டு இங்கே இருக்கின்றன, இரண்டுமே குளோஸ்டர் மீட்டியர். விமானப் பைத்தியம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயரே போதும்.

லண்டனில் இருந்தபோது சயின்ஸ் மியூசியத்தின் மூன்றாம் மாடியில், 1941 மே 15 அன்று பறந்த பிரிட்டனின் முதல் ஜெட்டான குளோஸ்டர் இ.28/39-ஐப் பார்த்திருந்தேன். அதே கம்பெனியின் அடுத்த ஜெட்தான் மீட்டியர். 1943 மார்ச்சில் முதலில் பறந்தது, மறுவருடம் ஜூலையில் போர்ப்படையில் சேர்ந்தது. முன்னோடி கண்காட்சியில் ஓய்வெடுக்க, பின்னால் வந்தது இன்னும் வேலை செய்கிறது என்பதுதான் என்னை சால்க்ரோவுக்கு இழுத்தது.

என்ன வேலை என்று கேட்கலாம். இந்தத் தளத்தைப் பயன்படுத்துவது மார்ட்டின்-பேக்கர் நிறுவனம். ஆபத்து நேரத்தில் விமானியைத் தூக்கி வெளியே வீசிக் காப்பாற்றும் எஜெக்‌ஷன் சீட் செய்பவர்கள். புதிய சீட் ஒன்றைப் பறக்கும்போது சோதிக்க, மீட்டியரின் பின் இருக்கையில் ஒரு பொம்மையை உட்கார வைத்து, வானத்தில் வேகமாகப் போகும்போது சீட்டோடு வெளியே வீசுவார்கள். எஞ்சின்கள் இரண்டும் இறக்கைகளில் தள்ளி இருப்பதால் நடு உடம்பு இதற்குத் தோதாக இருக்கிறது. இரட்டை இருக்கை கொண்ட டி.7 வகையின் உடலுக்குப் பிந்தைய எஃப்.8-இன் வாலைப் பொருத்திய கலப்பு இவை. டி.7-இன் முன்மாதிரி பறந்தது 1948-இல்.

இந்த நிறுவனத்தின் கதை ஒரு சாவிலிருந்து திரும்புகிறது. 1942 செப்டம்பரில், தாங்களே கட்டிய போர்விமானம் ஒன்றைச் சோதிக்கும்போது கூட்டாளி வேலன்டைன் பேக்கர் விழுந்து இறந்தார். அதன்பிறகு ஜேம்ஸ் மார்ட்டின் மனம் விமானியின் உயிர்மேல் திரும்பிவிட்டது. 1946 ஜூலை 24 அன்று பெர்னார்ட் லிஞ்ச் என்ற அவருடைய ஊழியர், இதே சால்க்ரோவுக்கு மேலே, சுமார் 8,000 அடி உயரத்தில், ஒரு மீட்டியரிலிருந்து சீட்டோடு தன்னைத்தானே வெளியே வீசிக்கொண்டு பாராசூட்டில் பத்திரமாக இறங்கினார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

ஏனென்றால் மீட்டியர் ஓட்டுவதற்கு லேசான விமானம் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையில் மட்டும் சுமார் 890 மீட்டியர்கள் விபத்துகளிலும் பிறவாறும் போயின, 450 விமானிகள் இறந்தார்கள். அந்தக் காலத்துப் பயிற்சி மீட்டியரில் எஜெக்‌ஷன் சீட்டே கிடையாது. அதே விமானத்தில் சோதித்து வளர்ந்த சீட்டுகள் இன்றுவரை 7,700க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. நம் சூலூரில் இருக்கும் தேஜஸ் விமானங்களிலும் மார்ட்டின்-பேக்கர் சீட்தான்.

சரி, பார்த்தேனா? பார்த்தேன். மதியத்துக்கு முன் வேலிக்கு வெளியே நின்றிருந்தபோது முதலில் சத்தம்தான் வந்தது. இன்றைய ஜெட்டின் உறுமல் மாதிரி இல்லை. டெர்வென்ட் எஞ்சின்களின் நீண்ட கீச்சொலி, கூர்மையாக ஏறிக்கொண்டே போனது. அப்புறம் தடித்த இரண்டு எஞ்சின் கூடுகளோடு அது ஓடுபாதையிலிருந்து எழும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே கைதட்டினேன்.

தளத்தின் ஓரத்தில் ஜான் ஹாம்டன் நினைவுத்தூண் இருக்கிறது. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்துப் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர்; 1643 ஜூன் 18 அன்று மன்னர் படையோடு இங்கே நடந்த சண்டையில் காயம்பட்டு, ஆறு நாள் கழித்துப் பக்கத்து ஊரான தேமில் இறந்தவர். அதையும் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தளத்தில் 3,000 வீடுகள் கட்டும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. வீடு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சோதனைகள் நடக்கிற இந்த ஓடுபாதையைச் சுருக்கிவிட்டுக் கட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

போகிறவர்களுக்கு ஒன்று: இது பொதுமக்களுக்கான இடம் இல்லை, வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். விமானம் எழாத நாளாக இருந்தால் கிராமத்து செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போங்கள். 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே நன்றாகவே மிஞ்சியிருக்கின்றன.