மாட்டுக் கணக்கில் ஒரு குடும்பம்

பிறருடைய வம்சாவளியைச் சரிபார்ப்பது என் தொழில். 1620-ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அமெரிக்காவில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் குடும்ப வரிசையை எழுதிக் கொடுப்பார்கள். மகன் என்று எழுதப்பட்டவர் உண்மையில் மகன்தானா, மனைவி என்று எழுதப்பட்டவர்தான் அந்தப் பிள்ளையைப் பெற்றவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. பன்னிரண்டு, பதின்மூன்று தலைமுறைகள் வரும். சிக்கல் பெரும்பாலும் முதல் தலைமுறையில்தான் இருக்கும். ஏனென்றால் அவர்களுடைய பாதி வாழ்க்கை கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேவாலயப் பதிவேடுகளில் கிடக்கிறது.

அவர்களில் நான் அதிக நாள் செலவிட்டது ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவரோடு. பிளிமத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிவைத்த பயணிகள் பட்டியலில் அவருடைய குடும்பம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது: மனைவி எலிசபெத், முந்தைய மனைவிக்குப் பிறந்த ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ், இந்த மனைவிக்குப் பிறந்த டமரிஸ், நடுக்கடலில் பிறந்ததால் ஓஷியானஸ் என்று பெயர் பெற்ற கைக்குழந்தை, கூடவே இரண்டு வேலையாட்கள். முந்தைய மனைவியின் பெயரோ ஊரோ அதில் இல்லை. அந்த வெற்றிடத்தில் பிற்காலத்தவர்கள் கான்ஸ்டன்ஸ் டட்லி என்ற பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார்கள். மகளின் பெயரோடு பொருந்தியதால் அது எளிதாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். குளோஸ்டர்ஷயரில் உள்ள வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்ற ஊரையும் அவருக்குச் சொந்த ஊராக்கினார்கள். 1998-இல் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர் வின்செஸ்டருக்கு அருகில் உள்ள ஹர்ஸ்லி கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் ஆகிய மூவரின் ஞானஸ்நானப் பதிவுகளைக் கண்டெடுத்த பிறகுதான் அந்தக் கதை கலைந்தது. தாயின் பெயர் மேரி.

அந்தப் பதிவுகளில் நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜைல்ஸின் வழிவந்த முதியவர் ஒருவர், பிளிமத்தோடு நிறுத்தாமல் இங்கிலாந்துத் தாய்வரை வரிசையைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டிருந்தார். கான்ஸ்டன்ஸின் ஞானஸ்நானம் 1606 மே 11. ஜைல்ஸினுடையது, பதிவேட்டுக் கணக்கின்படி, 1607 ஜனவரி 30. இரண்டுக்கும் இடையே ஒன்பது மாதம்கூட இல்லை. ஒரே தாய் அடுத்தடுத்து இருவரையும் பெற்றிருக்க வழியில்லை என்று குறிப்பெழுதி, ஜைல்ஸின் தாய் மேரி என்பதை ஏற்க முடியாது என்று கடிதமும் அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "அப்படியானால் ஜைல்ஸ் யார் பிள்ளை?" அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேலாளரிடம் போனேன். அவர் இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு, "இதை எழுதிய பாதிரியாருக்குப் புது வருடம் எந்த நாளில் பிறந்தது?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 25. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752-இல் நாட்காட்டி மாறும்வரை ஆண்டுக் கணக்கு அந்த நாளில்தான் தொடங்கியது. ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சின் பெரும்பகுதியும் பழைய ஆண்டின் வாலாகவே எழுதப்பட்டன. எனவே பாதிரியாரின் 1607 ஜனவரி நம் கணக்கில் 1608 ஜனவரி. அக்காளுக்கும் தம்பிக்கும் இடைவெளி இருபது மாதங்களுக்கு மேல். அன்று மாலையே முதியவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா என்று ஆண்டுப் பிறப்பைப் பற்றி வாதாடிப் பழகிய ஊரிலிருந்து வந்த எனக்கு, பிற நாட்டாருக்கும் ஆண்டு வேறு நாளில் தொடங்கியிருக்கலாம் என்று தோன்றாமல் போனது இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகு அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதி எதைக் கண்டாலும் இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடிட்டு எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

மேரி 1613 மே மாதம் ஹர்ஸ்லியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருள்களுக்கு எடுத்த பட்டியலில் அவரை விதவை என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் கணவர் உயிரோடுதான் இருந்தார். அவர் 1609-இல் சீ வெஞ்சர் என்ற கப்பலில் அமெரிக்காவில் இருந்த மற்றோர் ஆங்கிலக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனுக்குப் புறப்பட்டு, புயலில் சிக்கிப் பெர்முடாவில் கரையொதுங்கியவர். அங்கே, கப்பல் உடைந்ததோடு உடன் வந்த ஜேம்ஸ்டவுன் ஆளுநரின் அதிகாரமும் முடிந்துவிட்டது என்று வாதிட்டதற்காகக் கலகக் குற்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உடன் இருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சியின் குறிப்பின்படி, தன் மனைவி மக்கள் நாதியற்றுப் போவார்களே என்று அழுது புலம்பி, பலருடைய பரிந்துரையால் அவர் உயிர் தப்பினார். எனக்கு இந்தக் குறிப்பு கதையைவிட ஆதாரமாகவே முக்கியம். பெர்முடாவில் புலம்பிய மனிதருக்கு இங்கிலாந்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஹர்ஸ்லியில் அதே காலத்தில் ஒரு ஹாப்கின்ஸின் மனைவியும் பிள்ளைகளும் கணவரின்றி இருந்தார்கள். தந்தை, கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் என்று மூன்று பெயர்கள் ஒருசேரப் பொருந்துகின்றன. ஒரு பெயர் மட்டும் பொருந்தினால் அது தற்செயல். மூன்று பெயர்களும் காலமும் சூழ்நிலையும் சேர்ந்து பொருந்தும்போதுதான் நான் கையெழுத்திடுவேன்.

உறவுச் சொற்களும் இந்த வேலையில் ஏமாற்றும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில உயிலில் 'பிரதர்' என்று இருந்தால் அது கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், மைத்துனராகவும் இருக்கலாம், சகலையாகவும் இருக்கலாம். 'மதர்-இன்-லா' என்பது பல இடங்களில் மாற்றாந்தாயைக் குறித்தது. கொழுந்தன், நாத்தனார், ஓரகத்தி என்று ஒவ்வொரு உறவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில் வளர்ந்ததால், அந்த ஒற்றைச் சொல்லைக் கண்டதும் எந்த வழி உறவு என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை. வேலைக்கு அது உதவியாகவே இருந்திருக்கிறது.

பிளிமத்தில் இந்தக் குடும்பத்தைத் தொடர்வதற்கு மாடுகளே எனக்கு வழி காட்டின. 1627-இல் குடியேற்றத்தின் பொதுச் சொத்தாக இருந்த கால்நடைகளைப் பங்கிட்டபோது, மக்களைப் பதின்மூன்று பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்து, சிறு பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார்கள். மாட்டுப் பங்கீட்டுக்காக எழுதிய அந்தப் பட்டியலே இன்று நமக்குக் குடிமதிப்புக் கணக்கு. ஹாப்கின்ஸின் குழுவில் அவரும் மனைவியும், ஜைல்ஸும், புதிதாகப் பிறந்த கேலப், டெபரா ஆகியோரும், நிக்கலஸ் ஸ்னோவை மணந்துவிட்ட கான்ஸ்டன்ஸும் இருக்கிறார்கள். கப்பலில் வந்த டமரிஸும் ஓஷியானஸும் இல்லை. எவ்வளவு சிறிய பிள்ளைக்கும் பங்கு உண்டு என்ற பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதன் பொருள் ஒன்றுதான்.

ஆனால் 1644-இல் தந்தை எழுதிய உயிலில் டமரிஸ் என்ற மகள் இருக்கிறாள். அவள் ஜேக்கப் குக் என்பவரை மணந்து 1660-களின் நடுப்பகுதி வரை பிள்ளை பெற்றவள். கப்பலில் வந்த குழந்தையே அவள் என்று நெடுங்காலம் ஒன்றாகச் சேர்த்து எழுதிவந்தார்கள். அப்படியானால் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அன்றைய ஆங்கிலேயர் வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன் என்று நாம் சொல்வதைப்போல, அங்கே அக்காளின் பெயரை ஒரு தங்கை தாங்கியிருக்கிறாள்.

அந்த உயிலை முதன்முறை வாசித்த நாளில் மதிய உணவுக்கு எழுந்திருக்க மனமில்லை. ஜைல்ஸுக்குத் திருமதி வாரனிடம் இருக்கும் பெரிய காளை; அந்தக் காளையின் வாடகையாக அந்த அம்மாளிடமிருந்து வர வேண்டிய இருபது ஷில்லிங் பேரன் ஸ்டீபனுக்கு; கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெட்டைக் குதிரை. மணமாகாத மகள்களுக்குப் பசுக்கள், பெரும்பாலும் பெயரோடும் அடையாளத்தோடும். மாட்லி என்ற பசுவில் பாதி டெபராவுக்கு, மறுபாதி டமரிஸுக்கு. சுருட்டை மயிர்ப் பசுவில் பாதி ரூத்துக்கு, மறுபாதி எலிசபெத்துக்கு. மாடு என்றால் செல்வம் என்று பொருள் சொல்லும் மொழியைப் பேசுபவளுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு பசுவை இரண்டு மகள்களுக்கும் பாதிப்பாதியாக எழுதியவர், அவர்கள் ஒரே கொட்டிலைப் பகிர்ந்துகொண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்வார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும்.

உயிலில் வரும் எலிசபெத் இரண்டாம் மனைவியின் மகள். ஹர்ஸ்லியில் பிறந்த மூத்தவள் எலிசபெத், 1613-இல் தாயின் சொத்து ஆவணத்தில் தம்பி தங்கையோடு பெயர் இடம்பெற்றவள், அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை. கப்பலிலும் இல்லை. டமரிஸ் விஷயத்தைப் போலவே, அதே பெயரை மறுபடி வைத்ததால் மூத்தவள் இறந்துவிட்டாள் என்று எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் சின்னவளின் தாய்க்கும் அதே பெயர். அந்தக் காலத்தில் உயிரோடிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் இருந்த வீடுகளும் உண்டு. இறப்புக்கான கட்டத்தில் ஏதாவது ஓர் ஆண்டைப் போடும்படி இதுவரை மூன்று விண்ணப்பதாரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய பெயருக்கு நேரே 1613-இல் உயிருடன் இருந்தாள் என்று எழுதி, அடுத்த கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்.