சாரத்திலிருந்து விழுந்தவருக்கு யார் முதலாளி?

என் அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். 2023-இல் கோத்தகிரி பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு வேலை நடந்தபோது, கற்பூர மர (யூகலிப்டஸ்) கம்பில் கட்டிய சாரம் சரிந்து கீழே விழுந்துவிட்டார். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப்போனது மேஸ்திரிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போகிற வழியிலேயே "வீட்டுப் படியில வழுக்கிட்டேன்னு சொல்லிடு, இல்லாட்டி போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அக்கா கேட்கவில்லை. வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்ததாகவே விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்தாள். வழக்கில் அந்த ஒரு வரியை யாராலும் அசைக்க முடியவில்லை.

அப்புறம் பந்தாட்டம். மேஸ்திரியைக் கேட்டால் "நானும் கூலிக்காரன்தான் தம்பி, ஓனரைப் பாருங்க" என்பார். ஓனரைக் கேட்டால் "நான் கான்ட்ராக்ட் விட்டுட்டேன், ஆள் அவரோட ஆள்" என்பார். நடுவில் ஒருநாள் இருவரும் சேர்ந்தே வந்து, இருபத்தைந்தாயிரம் ரூபாயும் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய பத்திரமும் நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் செல்லாதாம், 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை என்று வக்கீல் பிறகு சொன்னார்.

சிக்கல் ஓனர் விஷயத்தில்தான். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வேலையைக் கான்ட்ராக்ட் விட்டவரையும் பொறுப்பாக்கியது, ஆனால் அந்த வேலை அவருடைய தொழிலோ வியாபாரமோ சார்ந்ததாக இருந்தால்தான். சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுகிறவர் இந்த ஓட்டை வழியாக நழுவிவிடலாம், அவர் வக்கீலும் அதையேதான் பிடித்துக்கொண்டார். எங்கள் வக்கீல் அந்தப் பக்கமே போகாமல், மாமாவின் போனை வாங்கிப் பார்த்தார். சிமெண்ட், கம்பி எல்லாம் ஓனர் வாங்கிப் போட்டது, மேஸ்திரிக்கு லேபர் மட்டும்தான். அதிலும் பல சனிக்கிழமைகளில் கூலி ஓனர் கணக்கிலிருந்தே மாமாவுக்கு ஜிபேயில் வந்திருந்தது. 'நாளைக்குப் பின்பக்கச் சுவர் முடிச்சிடுங்க' என்ற வாட்ஸ்அப் செய்தி வேறு. கூலி கொடுத்து, வேலையும் ஏவினால் அவரே முதலாளி என்று வாதம் வைத்து, இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தார். தற்காலிக ஆள் என்று தட்டிக்கழிக்க இருந்த வழி 2000-ஆம் வருடத் திருத்தத்தோடு போய்விட்டது.

கணக்கு இப்படி: மாமாவின் சம்பாத்தியம் அதைவிட அதிகம் என்றாலும் அப்போது சட்டக் கணக்குக்கு மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000தான் (எரிச்சலான விஷயம்). அதில் 60 சதவீதம், சட்ட அட்டவணையில் 40 வயதுக்கு உரிய எண்ணான 184.17-ஆல் பெருக்கி, அதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அவ்வளவு. டாக்டர் 20 என்று எழுதினார், ஆக 3,31,506 ரூபாய். காலுக்கு எத்தனை சதவீத ஊனம் என்று மட்டும் இருக்கும் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், சம்பாதிக்கும் திறனைப் பற்றி டாக்டர் எழுதியிருக்க வேண்டும். சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு இரண்டும் ஒன்றில்லை. மருத்துவச் செலவு தனி, பில்லோடு.

2024 பிப்ரவரியில் ஊட்டி பக்கம் லவ்டேலில் வீடு கட்டும் இடத்தில் ஆறு பெண் தொழிலாளர்கள் இடிபாட்டில் சிக்கி இறந்த செய்தி வந்தபோது எங்கள் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதனாலா, தாமதத்துக்கு 12 சதவீத வட்டி ஏறுவதாலா தெரியாது, அடுத்த வாய்தாவில் ஓனர் சமாதானத்துக்கு இறங்கிவந்தார். வட்டியை நாங்கள் விட்டுக்கொடுத்தோம், அசல் முழுவதும் வந்தது, உடன்பாடு, இழப்பீட்டு வழக்கை விசாரித்த ஆணையர் முன் பதிவானது. மேஸ்திரியிடம் ஓனர் பங்கு கேட்டாரா என்பது அவர்கள் பாடு.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அதனால் இப்போது மனு போடுகிறவர்கள் பிரிவு எண்களை என்னைப் பார்த்து எழுதாமல் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும் முதல் வாரத்திலேயே எடுத்து வையுங்கள்.