வெண்கல வட்டில் பெயர் மட்டும் இருந்தால் எங்கே தேடுவது?

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த வெண்கல வட்டு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. விட்டம் 120 மில்லிமீட்டர், உள்ளங்கையை மறைக்கும். திரிசூலத்தோடு பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த உருவம், பக்கத்தில் சிங்கம். அடியில் ஒரு குட்டிச் சிங்கம் கழுகைக் கிழிக்கிறது, கழுகுதான் ஜெர்மனி. பிரிட்டானியா நீட்டிய வாகை மாலைக்குக் கீழே, ஒரு கட்டத்துக்குள் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

அவ்வளவுதான். பதவி, எண், படைப்பிரிவு எதுவும் கிடையாது. உயிர் கொடுத்ததில் உயர்வு தாழ்வு இல்லை என்று வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தேடுகிறவனுக்குத் தலைவலி.

வழி காட்டியது அத்தை வீட்டில் இருந்த அவருடைய பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெள்ளி, அடகுக் கடைக்குப் போகாமல் தப்பியதே பெரிது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை வீரன். பார்க்க வேண்டியது இரண்டையும் அல்ல, விளிம்பை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியும்: எண், பதவி, பெயர், கடைசியில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் சுருக்கம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். விளிம்பு மழுங்கினால் எண்ணும் போச்சு.

அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். பெயரைப் போட்டுத் தேடிப் பயனில்லை. 'சாமி' என்று முடியும் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ! பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தேன். அதே எண்ணில் பலர் வந்தார்கள். படைப்பிரிவை வைத்துக் கழித்ததும் ஒருவர் மிஞ்சினார். இறந்தது 1916. கூடவே தகப்பனார் பெயர், ஊர், வட ஆற்காடு. "நம்ம ஊரேதான்டா" என்றார் அப்பா.

நினைவிடம் பஸ்ரா என்று இருந்தது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அதைப் பற்றிப் படித்தபோதுதான் உறுத்தியது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களை அங்கே வரிசையாகப் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள். பெயரெல்லாம் பதிவேட்டோடு சரி. வெண்கலத்தில் பதவியே வேண்டாம் என்றது அரசு, நினைவுச் சுவரில் ஆணையம் பதவியும் பார்த்திருக்கிறது, நாடும் பார்த்திருக்கிறது. இந்தப் பாகுபாட்டுக்கு ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

அவர் பெயரில் ஒரு சான்றிதழை அந்தத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அத்தைக்கு ஒன்று அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பதக்கத்தை மட்டும் தரமாட்டாராம்.