நான்கு ராபர்ட்டுகளும் ஒரு பெயரடைவும்

கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிய மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்குப் பெயரடைவு தயாரிக்க ஒப்புக்கொண்டேன். அகரவரிசையில் பெயரும் பக்க எண்ணும் போடுவதுதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ‘ட’ வரிசையில் டண்டாஸ் வந்தார்கள். அவர்களோடு மட்டும் ஒன்பது நாள் போயிற்று.

ஹென்றி டண்டாஸால் தொல்லை இல்லை. 1793 முதல் 1801 வரை, கம்பெனியை மேற்பார்க்க பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய விவகாரக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர். ஸ்காட்லாந்தின் முடிசூடா மன்னர் என்று பெயரெடுத்தவர். 1806இல் காமன்ஸ் அவை குற்றஞ்சாட்ட, பிரபுக்கள் அவையில் விசாரணைக்கு நின்று விடுதலையானவர். பிரிட்டனில் அப்படி நடந்த கடைசி விசாரணை அதுதான். இவரை யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

ராபர்ட் டண்டாஸ்தான் படுத்தினார். ‘ராபர்ட் டண்டாஸ், நாடாளுமன்ற உறுப்பினர், அரசுத் தலைமை வழக்கறிஞர், ஆர்னிஸ்டன் பண்ணைக்காரர், 1685–1819’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘134 வயதா?’

மூன்று பேரை ஓர் ஆளாக்கியிருக்கிறேன். தாத்தா, மகன், பேரன். மூவருக்கும் அதே பெயர், அதே ஆர்னிஸ்டன், அதே எடின்பரோஷயர் தொகுதி, அதே அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவி. ஸ்காட்லாந்தில் ஒரே பெயருள்ளவர்களை நிலத்தின் பெயரை ஒட்டிப் பிரித்துச் சொல்வது வழக்கம். நிலமும் ஒன்றாகிவிட்டால் என்ன செய்வது?

பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்று நூல்கள்தான் கைகொடுத்தன. 1715–54, 1754–90, 1790–1820 என்று காலம் பிரித்து, ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாழ்க்கைக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். தாத்தா உறுப்பினராக இருந்தது 1722–37, மகன் 1754–60, பேரன் 1790–1801. ஆளுக்கொரு நூலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அப்பாடா என்று மூடப் போனால், மூன்றாவது நூலில் இன்னொரு ராபர்ட்! ஹென்றியின் மகன் ராபர்ட் சாண்டர்ஸ் டண்டாஸ். பேரன் 1801இல் இறங்கிய அதே எடின்பரோஷயர் இருக்கையில் ஏறி 1811 வரை இருந்தவர். ஆண்டு பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் இருவரும் ஒருவராகத்தான் தெரிவார்கள். அன்றிலிருந்து பெயரை நம்புவதை விட்டு, ஒவ்வொருவருக்கும் தொகுதி, ஆண்டு, பதவி மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிறகு உறவுமுறை. பேரன் ராபர்ட்டுக்கும் ஹென்றிக்கும் உள்ள உறவைச் சொல்ல மூலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் சேர்த்து ‘மருமகன்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். தமிழில் அக்காள் மகனும் மருமகன், மகளைக் கட்டியவரும் மருமகன் என்பதால் நமக்கு உறுத்தாது. அக்காள் மகனுக்குப் பெண் கொடுத்திருக்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் வம்ச வரிசையை வரைந்தபோது ஹென்றிக்கு அவர் அண்ணன் மகன். ஹென்றி, தாத்தா ராபர்ட்டின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. மூத்த தாரத்து அண்ணனைவிட 29 வயது இளையவர். ஆக, பேரன் ராபர்ட் மணந்த ஹென்றியின் மகள் எலிசபெத் அவருக்குச் சித்தப்பா மகள், நம் முறைப்படி தங்கை! வரைந்ததில்தான் பிழை என்று இரண்டு முறை அழித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

சர் லாரன்ஸ் டண்டாஸைச் சேர்ப்பது எளிதாக இருந்தது; அவர் வேறு கிளை, எடின்பரோ நகரத்து உறுப்பினர், அந்நகர அரசியலில் ஹென்றியின் எதிரி. செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் அவர் கட்டிய மாளிகைக்கு முன்னால்தான் பின்னாளில் ஹென்றிக்குத் தூண் எழுப்பிச் சிலை வைத்தார்கள். இதற்குப் பெயரடைவில் இடமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு வரி இருந்த இடத்தில் ஆறு வரிகளாகத் திருத்தி அனுப்பினேன். ‘மருமகன்’ என்பதை ‘அண்ணன் மகனும் மகளின் கணவரும்’ என்று மாற்றச் சொல்லிக் குறிப்பும் வைத்தேன். தாள் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் மட்டும் பென்சில் கோடு: ‘சித்தப்பா மகளையா? சரிபார்க்கவும்.’